விளிம்பு வரை

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது ஆம்புரோஸ் டெட்ஸ்டோன் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். மகள் ஹெஸ்டர் அதற்கான வலி மருந்தைச் சமையலறைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்ததும்தான் அவருக்கு ரோஷம் வந்தது. இங்கிலாந்தில் லட்லோ ஊரில் ஆயுசு முழுக்கத் தானிய வியாபாரம் செய்து, சந்தை நாளில் எதிரே வருகிறவர்களையெல்லாம் தொப்பியைத் தூக்க வைத்த மனிதர். வாயை இறுக மூடிக்கொண்டார்.

“தகரத்துல குடிக்க நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? சாப்பாட்டு ரூம் பெட்டியில இருக்கு பாரு, அதை எடுத்துட்டு வா.”

பெட்டியில் இருந்தது ஒரு வெள்ளிக் கரண்டி. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்த ஒரு டஜனில், பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்துக் கடைசியாக இவர் கைக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் கரண்டியை மேஜையில் கவிழ்த்து வைப்பார்களாம். அதனால் குடும்பப் பெயரின் முதல் எழுத்து முதுகுப் பக்கம் செதுக்கியிருந்தது. எத்தனையோ பேர் சூப்புத் தட்டின் அடியைச் சுரண்டியதில் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. நல்ல கனம். ஹெஸ்டர் தினமும் சாயங்காலத் தேநீருக்குப் பிறகு அதில் விளிம்பு வரை மருந்தை ஊற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் மாடிக்குக் கொண்டுபோனாள். வேளைக்கு மேஜைக்கரண்டி ஒன்று என்று சீசாவில் ஒட்டியிருந்தது. இதைவிட யோக்கியமான மேஜைக்கரண்டி அந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறது?

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அப்பா நல்லவராகிவிட்டார். நாற்பத்தைந்து வயது மகளின் நடை, சமையல், அவள் வாசிக்கும் பியானோ, எதைத்தான் அவர் விட்டுவைத்திருந்தார்? அவளைப் பார்க்க வந்த ஒரே பாங்கு குமாஸ்தாவைக்கூட வாசலிலேயே நக்கலடித்து விரட்டியவர். இப்போது முனகாமல் தூங்கினார். காலையில் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் ஹெஸ்டர்?” என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தன் பணிவிடைதான் அவரை மாற்றிவிட்டது என்று நம்பினாள். பாவம், நம்பாமல் என்ன செய்வாள்?

ஒரு வாரத்துக்கு வர வேண்டிய சீசா வியாழக்கிழமையே காலியானது. மருந்துக்கடை பெப் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பா இதைப் போர்ட் ஒயின் என்று நினைத்துக் குடிக்கிறாரா என்று கேட்டார். அவளும் சிரித்தாள். மேட்டுத் தெருவில் பாதி ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெள்ளிக் கரண்டி நிறையத் தண்ணீர் பிடித்து, சமையலறைக் கரண்டியில் ஊற்றினாள். அது நிறைந்து வழிந்தது. வெள்ளிக் கரண்டியில் இன்னும் மிச்சம் இருந்தது.

அப்படியே டாக்டர் பார்டோ வீட்டுக்கு ஓடினாள். அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. அந்தக் காலத்துக் கரண்டிகளே அப்படித்தான், இப்போதைய அளவைவிடப் பெரியவை, பழைய வீடுகளில் இந்தத் தப்பு நடக்கத்தான் செய்கிறது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இன்னும் சில வாரம் இப்படியே போயிருந்தால் தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கும் என்றார். இனி அளவு மீறக் கூடாது. வலி இருக்கும், அதற்கு வழியில்லை. ஆனால் வசந்தம் முடிகிறவரை மனிதர் இருப்பார்.

திரும்பி வரும்போது ஹெஸ்டருக்கு இரண்டு பயம். அப்பாவைக் கொல்லப் பார்த்தேனே என்ற பயம் ஒன்று. அதைவிட வெட்கங்கெட்ட பயம் இன்னொன்று: கையைப் பிடித்து ஹெஸ்டர் என்று கூப்பிட்ட அந்த நல்ல அப்பா, அளவுக்கு மேல் ஊற்றிய அந்தக் கொஞ்சத்தில்தான் இருந்தார். அதை நிறுத்தினால் அவரும் போய்விடுவார்.

அன்று சாயங்காலம் சமையலறைக் கரண்டியில் அளந்த மருந்தை வெள்ளிக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு போனாள். ஆம்புரோஸ் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன, இன்னிக்கு விளிம்புக்கு ரொம்பக் கீழயே நின்னுபோச்சு?”

“டாக்டர் சொன்ன அளவு இவ்வளவுதான்பா. இத்தனை நாளும் தெரியாம அதிகமா ஊத்திட்டேன்.”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கேலி இல்லை.

“உங்கம்மாவுக்கு இதுலதான் ஊத்தினேன். தளும்பத் தளும்ப.”

அம்மா படுத்திருந்த கடைசி மாதம் அவர் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. மருந்து கொடுப்பது புருஷன் வேலை என்று சொல்லி மகளை வெளியே நிறுத்தினார். தூங்கினபடியே போய்ச் சேர்ந்தாள், கொடுத்துவைத்தவள் என்று ஊரே சொன்னது. ஹெஸ்டரும் அதைச் சொல்லித்தான் ஒன்பது வருஷமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா கேட்டாங்களா?”

அவர் போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார்.

“அவ என்னிக்கு எதைக் கேட்டிருக்கா? பாத்துட்டு இருக்க முடியல, ஊத்தினேன். நான் அப்படி இல்ல, வாயைத் திறந்து கேக்கறேன். நெறைய ஊத்து, ஹெஸ்டர்.”

சீசா கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவரை அவளுக்கு அந்த நிமிஷம் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. அம்மாவை நினைத்துக் கோபம் பொங்கியது. பொங்கின வேகத்திலேயே, அவர் அந்தக் கட்டிலருகே தனியாக உட்கார்ந்திருந்ததும் கண்ணில் நின்றது. ஊற்றிவிடலாம். பெப் கேட்டால் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் சீசாவைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கரண்டியை அப்படியே அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

“என்னால முடியாதுப்பா.”

அவர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, தபால் ஆபீஸ் அம்மாளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்:

“ரொம்ப நன்றிங்க, மிஸ் டெட்ஸ்டோன்.”

மறுநாள் சாயங்காலமும் அதையேதான் சொன்னார். பிறகு எந்தக் கரண்டி என்று அவர் கேட்கவேயில்லை. நீட்டினதைக் குடித்தார், நன்றி சொன்னார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுகூட அந்த மரியாதை குறையவில்லை. பார்க்க வந்தவர்கள், இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. மே மாதக் கடைசி வரை ஹெஸ்டர் அவரை உயிரோடு வைத்திருந்தாள். அதுவரை ஒருநாள்கூட அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.