பக்கத்து நாற்காலியில் ஓரகத்தி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் மகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர், கோடை விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, டயருக்குக் காற்றடிக்கும்போது சொன்னது. எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். பேர் மட்டும் போட்டுடாதீங்க என்றார். (நேரில் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டார். பொறுத்துக்கொள்ளட்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மாலை வெயிலில் வயலின் இசை தேனாக வழிந்து...’ அடித்துவிட்டேன். அங்கே வயலினே கிடையாது. நகராட்சிப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் இலவசக் கச்சேரி. ஒரு கிடார், ஒரு கீபோர்டு, டிரம்ஸ் வாசிக்கும் பல் டாக்டர், பாடுவதற்கு ஒரு தபால்காரர்.

2

விடுமுறையில் பேருந்து ஓடவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொழுதுபோகாமல்தான் முதல் வாரம் கச்சேரிக்குப் போனாள். வருஷம் முழுக்க ஹார்ன் சத்தம் கேட்ட காதுக்கு அந்தப் பாட்டுகள் அப்படி இதமாக இருந்தன. மூன்றாவது பாட்டில் தன்னையறியாமல் தாளம் போட்டாள்.

இரண்டாவது வாரம், முன்வரிசையின் ஓரத்தில் அவள் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி, தையல்கடை வைத்திருப்பவள். இருவரும் பேசி இரண்டு வருஷம். ஒரு கல்யாண வீட்டில் தையல்காரி மைக் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தபோது, “போதும், குடு” என்று இவள் வாங்கி வைத்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து தையல்காரி பாடுவதில்லை.

[ஒரு சொல்லுக்காக ஒருத்தி வாயைக் கட்டிப்போடுவாளா? நம்புவதற்காகத் தையல்காரியை அழுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அக்கா சொன்ன தையல்காரி சரியான வாயாடி. வாடிக்கையாளரிடமே ‘வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுக்காதே’ என்பவள். அப்படிப்பட்டவள் பாடாமல் இருந்ததுதான் இவளை உறுத்தியது.]

அன்று இவள் பாட்டைக் கேட்கவில்லை. தையல்காரியின் உதடுகளையே பார்த்தாள். எல்லாப் பாட்டுக்கும் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

3

மூன்றாவது வாரம் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தையல்காரி கைப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்தாள். இடம் விட்டாளா, ஒதுங்கினாளா என்று தெரியவில்லை. இரண்டு பாட்டு முடிந்தது.

“அன்னிக்கு மைக்கை வாங்கினது தப்புதான்.”

“மைக் போனா போகுதுக்கா. ‘போதும்’னீங்க பாருங்க, அது.”

“போதல, இன்னும் கேக்கணும்,” என்றாள் இவள்.

தையல்காரி மேடையைப் பார்த்தபடியே இருந்தாள். அடுத்த பாட்டின் பாதியில் ஒரு முனகல் கேட்டது. சுருதி இறங்கித்தான் இருந்தது. இவள் அசையாமல் கேட்டாள், எங்கே நின்றுவிடுமோ என்று.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் தையல்காரி மேடையேறுகிறாள், பூங்காவே கைதட்டுகிறது. அது சினிமா. மற்றதில் இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அதைப் படித்தால் இருவருமே என்னை அடிக்க வருவார்கள்.

நடந்தது இதுதான். நான்காவது வாரம் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தபால்காரர் மைக்கை நீட்டி, யாராவது பாடுறீங்களா என்று கேட்டார். இவள் ஓரகத்தியை முழங்கையால் இடித்தாள். அதற்குமேல் அக்கா சொல்வதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பிறகு நானும் கேட்கவில்லை, வேண்டுமென்றேதான்.

தையல்காரி எழுந்தாளா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: எழுந்தாளென்றால், பாட்டை முழுசாகப் பாட விடுங்கள்.