மேல்வரிசையில் நான்கு

“இன்னும் கொஞ்சம் திற. மேலுதட்டைத் தூக்கிப் பிடி.”

அவள் கட்டிலை ஒட்டிக் குனிந்து, இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தாள். ஐம்பது வருடப் பழக்கம். அண்ணன் கையில் சற்று முன் மருந்து குடித்த கரண்டி இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி, காம்பால் அவளுடைய முன்பல்லைத் தட்டினார். முதல் தட்டு குறி தவறி உதட்டில் விழுந்தது. இரண்டாவது பல்லில் பட்டது. கிண்ணென்று சிறியதாக ஓர் ஓசை.

“ம்” என்றார். பக்கத்துப் பல்லைத் தட்டினார். அதுவும் கிண்ணென்றது.

“என்ன டாக்டர், தேறுமா?”

“நான் போனப்புறமும் இருக்கும்.”

“பேச்சைப் பாரு.”

“விட்டுப்போயிருந்தா மொத்துன்னு கேக்கும், வாயாடி. இது எலும்போட எலும்பா உக்காந்துடுச்சு.” அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. கரண்டியை அவளிடம் நீட்டினார்.

இதயம் களைத்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வீட்டின் முன்பக்கம் அவருடைய பல் மருத்துவ அறை, பின்பக்கம் குடித்தனம். அண்ணி போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகன் வெளிநாட்டில். தங்கை தன் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டியோடு வந்து தங்கியிருந்தாள். வாயாடி என்பது அவளுடைய ஏழு வயதில் அவர் வைத்த பெயர். பத்தொன்பது வயதில், அவர் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னாலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போன பிறகு, அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

“வாயாடி.”

“சொல்லு.”

“உன் பல்லைத் தவிர வேற எதையாவது நான் கெடுத்துட்டேனா?”

ஜன்னல் வெயில் போர்வையில் பாதிவரை ஏறியிருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்புவதாக இல்லை.

“இல்லயே” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். கண்ணை மூடிக் கொஞ்சம் படு.”

சொன்னபடி கேட்டார். அவள் சமையலறைக்குப் போய்க் கரண்டியைக் கழுவினாள். மருந்துப் பிசுக்குப் போக இரண்டு தரம் தேய்த்தாள். வெந்நீர் வைத்தாள். பிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது அறையில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அது மூச்சுச் சத்தம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, மோவாய்க்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மூடினாள். கையை எடுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி மூடினாள். இந்த முறை கையை எடுக்கவில்லை. மணி பதினொன்றரை. கை மரத்துப்போய், தன்னுடையதா அவருடையதா என்று தெரியாமல் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துத் தெரு லேடி டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். சின்னப் பெண். கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி கேட்டாள். “துணைக்கு யாராவது வர்றாங்களா ஆன்ட்டி?”

“வந்துட்டே இருக்காங்க” என்றாள் அவள். வருவதற்கு யாரும் இல்லை.

அண்ணன் மகனுக்குப் போன் போட்டாள். “தம்பி” என்றதுமே அவன், “வேணாம் அத்தை, சொல்லாதீங்க. புரிஞ்சுது” என்றான். பிறகு விமானத்தைப் பற்றிப் பேசினான். நாளை மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். அதுவரை ஆஸ்பத்திரிக் குளிரறையில் வைத்திருக்க வேண்டும். வண்டிக்கு அங்கிருந்தே அவன் சொல்லிவிடுவான்.

“நான் பாத்துக்கறேன்.”

“அப்பா கடைசியா ஏதாவது பேசினாரா?”

“பல்லைப் பாத்தார்.”

“யாரோட பல்லை?”

“என்னோடதைத்தான். கூப்பிட்டதும் வாயைத் திறக்க வேற யாரு இருக்கா அவருக்கு?”

அவன் சிரிக்கப் போய் அழுதான். அவள் முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். மறுமுனையில் ஒருவர் அழும்போது லைனைத் துண்டிக்கக் கூடாது என்று தெரியும். காத்திருந்தாள்.

“அத்தை, ஆஸ்பத்திரில அடையாள அட்டை கேப்பாங்க. அப்பா மேஜை டிராயர்ல இருக்கும்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

முன்னறையில் பல் பார்க்கும் நாற்காலியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. டிராயரில் அடையாள அட்டை சுலபமாகக் கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே, மற்ற நோயாளிகளின் அட்டைகளோடு சேராமல், பழுத்துப்போன ஓர் அட்டை தனியாகக் கிடந்தது. எண்: 1. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘வாயாடி’ என்று எழுதியிருந்தது.

சக்கரம் வைத்த அவருடைய முக்காலியில் உட்கார்ந்து படித்தாள்.

முதல் பதிவு, விபத்து நடந்த மாதம். ‘கழற்றி மாட்டும் செட். கம்பி உறுத்துகிறது என்கிறாள்.’ உறுத்தியது மட்டுமல்ல, பேசினால் விசிலும் அடித்தது. முகம் காட்ட வேண்டாத வேலை என்றுதான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, ‘தகடு.’ மூன்று நாள் பயிற்சிக்கு எங்கோ போய்விட்டு, மோதிரம் வைக்கிற மாதிரி ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே ஒடிந்த சீப்புத் துண்டு போல ஓர் உலோகத் தகடு. நடுவில் ஓட்டைகள், மேலே பல்லை மாட்டக் குமிழ்கள்.

“முன்னெல்லாம் தங்கம், எஃகு, கோபால்ட்டுனு திருகாணி செஞ்சு இறக்கினாங்க. ஈறுக்கு அடியில எலும்பு மேல கூண்டு மாதிரி வச்சுத் தைச்சும் பாத்தாங்க. பாதி நிக்கல. இது எலும்புக்குள்ள கத்தி மாதிரி இறங்கிடும். ஒரே மாசத்துல பல்லு!”

“கத்தியா?”

“பேச்சுக்குச் சொன்னேன்டி.”

எலும்பில் கோடு கிழித்து, சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கினார். ஒரே மாதத்தில் பல். ஐந்து வருடம் கையால் வாயை மறைக்காமல் சிரித்தாள்.

அந்த ஐந்து வருடத்தில்தான் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த லைன்மேன் வந்து சேர்ந்தார். கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து அவளுக்குப் போன் போடுவார். “லைன் கேக்குதா, பேசுங்க” என்பார். கேட்கிறது என்றாலும் வைக்க மாட்டார். “இன்னும் கொஞ்சம் பேசுங்க, நடுவுல இரையற மாதிரி இருக்கு.” மேலேயிருந்து தெரிவதையெல்லாம் சொல்வார். மொட்டைமாடியில் காயும் துணி, பள்ளிக்கூடம் விட்டு ஓடுகிற பிள்ளைகள், தூரத்தில் வரும் மழை. மழை எக்ஸ்சேஞ்சுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஒருநாள் சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். சுற்றி வளைக்காமல், நேராக. அந்த மாதம் தகடு ஆடத் தொடங்கியிருந்தது. ஈறில் சீழ். வாயைத் திறந்தால் நாற்றம் அடிக்குமோ என்று அம்மாவிடம்கூடத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதுதான் பதிலென்று அவர் எடுத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அட்டையில் இவ்வளவுதான் இருந்தது. ‘தகடு ஆட்டம். எலும்புக்கும் அதற்கும் நடுவில் சதை வளர்ந்திருக்கிறது. எடுத்துவிட்டேன். எலும்பும் நிறையப் போயிற்று.’

அதற்கப்புறம் ஒன்பது வருடம் வெற்றிடம். “என் வாய் என்ன உன் ஆராய்ச்சிக்கூடமா?” என்று அவள் கத்திவிட்டு வந்த வருடங்கள். பழைய கழற்றி மாட்டும் செட்டோடு காலம் தள்ளினாள்.

பிறகு, ‘டைட்டானியம் திருகு, இரண்டு.’ அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபடியே முயல் கதை சொன்னார். ஏதோ குளிர் தேசத்தில் ஒருவர் முயலின் கால் எலும்பில் டைட்டானியம் குழாய் வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது.

“முயல்கிட்டக் கேட்டாங்களாமா?” என்றாள்.

“நாங்கதான் அவசரப்பட்டோம், வாயாடி. உடனே பல்லை மாட்டணும், மாட்டணும்னு. திருகை உள்ள வச்சு ஈறை மூடிட்டு ஆறு மாசம் தொடவே கூடாதாம். சும்மா விட்டுடணும்.”

“நீ சும்மா இருப்பியா?”

இருந்தார். மோவாயிலிருந்து எலும்பெடுத்து மேலே வைத்துத் திருகை இறக்கிய பிறகு, ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். வாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனார்.

ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஏழு வருடம் கழித்து அந்த இடத்தில் வேறொன்று. ‘மணல் அடித்து அமிலத்தில் கழுவியது. சொரசொரப்பு.’ அன்றைக்கு அவர் தன்னையே நொந்துகொண்டார். “இத்தனை வருஷம் பளபளன்னு இருந்தாத்தான் நல்லதுன்னு நினைச்சோம். எலும்புக்கு வழுக்கலா இருந்தாப் பிடிக்கலையாம்.” அது நின்றது. இரண்டு திருகின் மேல் நான்கு பல். கடைசிப் பதிவு ஆறு வருடத்துக்கு முந்தையது. ‘ஈறு மெலிந்து உலோக நிழல் தெரிகிறது. வெள்ளைப் பீங்கான் மாதிரி சிர்க்கோனியாவில் மாற்றலாம் என்றேன். என் வயசுக்கு இந்தச் சாம்பல் நிறமே போதும் என்கிறாள்.’

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. அட்டையை உள்ளே வைக்கப் போனவள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு தேதியும் ஒரு சின்னக் குறிப்பும் இருந்தன. தகடு ஆடிய வருடம்.

‘எக்ஸ்சேஞ்ச் லைன்மேன் மாற்றலாகிப் போய்விட்டாராம். என்னால்தானா என்று இவளைக் கேட்க வேண்டும். தைரியம் வரவில்லை.’

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது, “வர்றேன், வர்றேன்” என்று பின்பக்கத்து அறையைப் பார்த்துச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கேட்டு எழுதினார். வயது எழுபத்தேழு. உறவு, தங்கை.

“உடம்புல உலோகம் ஏதாவது இருக்காம்மா? நகை, பேஸ்மேக்கர், கட்டின பல்லு, அந்த மாதிரி? தகனத்துக்குப் போறப்ப கேப்பாங்க.”

“எதுவும் இல்ல.”

“பல்லு?”

“எல்லாம் அவர் பல்லுதான். முப்பத்திரண்டும்.”

“இந்த வயசுலயா!” குமாஸ்தா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “கொடுத்து வச்சவர்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் காகிதத்தைத் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மெதுவாகக் காட்டினார்.

வீடு திரும்பியபோது மணி நான்கு. வாசலில் ஓர் அம்மாள் கைப்பையோடு நின்றிருந்தார். அறுபது இருக்கும். கழுத்தெல்லாம் வியர்வை.

“டாக்டர் இல்லீங்களா? வருஷா வருஷம் இந்த மாசம் வந்து காட்டச் சொல்லியிருக்கார். கீழ்ப்பல்லு, திருகு வச்சது. ரெண்டு பஸ் மாறி வர்றேன்.”

அவள் பூட்டில் சாவியை நுழைத்தாள். “டாக்டர் காலைல இறந்துட்டார்.”

அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்ன குரல் சரியாகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “நீங்க அவருக்கு…?”

“தங்கச்சி.”

“உள்ள வேற யாரும்…?”

“இல்ல.”

அவர் தெருவைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு அடுத்த பஸ் அஞ்சரைக்குத்தான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போகட்டுமா?”

நோயாளிகள் காத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டு மின்விசிறியைப் போட்டாள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அவள் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

சற்று நேரம் கழித்து அந்த அம்மாள் பையைத் தரையில் வைத்துவிட்டு, நடுவிலிருந்த நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.