இரும்பு ஏறாத இடம்

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?" என்று அக்கா கேட்டாள். காந்த ஸ்கேன் அறைக்குள் போகிற யாராக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அங்கே படம் எடுப்பது அவள் வேலை; கூடப் பிறந்தவன் என்பதற்காக விட்டுவிட முடியாது.

ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நேத்து ஒரு பாட்டில் இரும்பை நீங்களே ஏத்திட்டு, இன்னிக்கு வந்து இருக்கான்னு கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகவே தன் மேல் எரிச்சலும் வந்தது.

நேற்று அவன் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்து காவி நிறத்தில் இருந்தது. கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும். தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். பாட்டிலைப் பார்த்ததுமே, "இது எங்க ரெட் ஆக்சைடுதான்க்கா. துருப்பிடிக்காம இருக்க இரும்பு கேட்டுக்கு முதல் கோட் இதத்தான் அடிப்போம். இனிமே எனக்குத் துருவே பிடிக்காது" என்றான். பேச்சு மட்டும் குறையவில்லை. ஆள் பாதியாகிவிட்டான்.

அவள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாக அவன் சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. இருவருக்கும் நிறத்தில்தான் தகராறு. பச்சை அடிக்கலாம், இல்லாவிட்டால் ஒரு சுவருக்காவது மஞ்சள் என்பான் அவன். அவளோ வெள்ளையை விட்டு இம்மி நகரமாட்டாள். "நாள் பூரா ஆஸ்பத்திரியில கெடந்துட்டு, வீட்டையும் ஆஸ்பத்திரி ஆக்கணுமா உனக்கு?" என்று கோபித்துக்கொண்டு டப்பாவோடு திரும்பிப் போயிருக்கிறான்.

அவன் சிறுநீர்ப்பையில் கட்டி. பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். கட்டி பைக்குள்ளேயே நின்றிருந்தால் பையோடு எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வான். பக்கத்திலிருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் கிடையாது. மருந்தைக் கொடுத்து ஓட்டுகிறவரை ஓட்டலாம். பரவியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கத்தான் அந்த இரும்புத் துகள்கள். நல்ல கணு துகள்களை விழுங்கிக்கொண்டு படத்தில் கருத்துப்போகும். புற்று குடியேறிய இடத்தில் விழுங்குவதற்கு ஆளில்லை, அது வெள்ளையாகவே நிற்கும். டாக்டர் இதை விளக்கியபோது தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரம் இறங்கி அங்கே பெயின்ட் உப்பியிருந்தது. வெளியே வந்ததும், "பட்டி பூசி சமமாக்காம பெயின்ட் அடிச்சிருக்கானுங்க" என்றான். பயந்தால் அவனுக்கு எப்போதும் கண் வேறெங்காவது போய்விடும். அவளுக்கு அது தெரியும், அதனால் டாக்டர் சொன்னதைத் திரும்ப எடுத்துச் சொல்லவில்லை.

இன்றைக்கு வேறு யாராவது படம் எடுக்கட்டும் என்று அவள் ஒதுங்கத்தான் பார்த்தாள். அவன் விடவில்லை. "நீ இல்லன்னா நான் அந்தக் குழாய்க்குள்ள போகமாட்டேன்" என்று சிறுபிள்ளை மாதிரி அடம்பிடித்தான்.

பலகை உள்ளே நகர்ந்தது. அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து மைக்கை அழுத்தினாள். மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க. தம்பியிடமும் அப்படித்தான் சொன்னாள். "டா" போட்டால் குரல் தழுதழுத்துவிடும் என்று பயம். படம் எடுக்கிறவர்கள் பலன் சொல்லக் கூடாது. வாயால் மட்டுமல்ல, முகத்தாலும் கூடாது, குரலாலும் கூடாது. உள்ளே படுத்திருப்பவர்களுக்கு மூச்சு விடச் சொல்கிற குரல் ஒன்றுதான் துணை. அதில் ஒரு நடுக்கம் தெரிந்தாலும் தங்கள் விதியையே கேட்டுவிட்டதாக நினைப்பார்கள். கணவன் செத்த மாதம்கூட அவள் குரல் பிசகியதில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கருப்பு. அடுத்ததும் கருப்பு. அவளுக்கு மூச்சு இலேசாகத் திரும்பியது. இடுப்பு எலும்பின் ஓரத்தில் இன்னொன்று கருப்பு. அதற்குப் பின்னால், அவரைவிதை போல, வெள்ளையாக ஒன்று.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வேறு கோணத்தில் எடுத்தும் பார்த்தாள். திரை முழுக்க வெள்ளை நின்றது. அப்புறம் மைக்கை அழுத்தி, அதே குரலில், "மூச்சை விடுங்க" என்றாள்.

அவனை இறக்கிவிட்டு, உடை மாற்றும் அறையைக் கைகாட்டிவிட்டு வந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரையை அணைக்க மறந்தது அப்போதுதான். புதிதாக வேலைக்கு வந்த காலத்தில்கூட அவள் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

"இதுதானாக்கா அந்தக் கணு?"

சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி தம்பி பின்னால் நின்றிருந்தான்.

"இங்கல்லாம் வரக் கூடாதுடா."

"நல்லா பளிச்சுனு இருக்கே! ஒரு கறை இல்ல. ரெண்டு கோட் அடிச்ச மாதிரி."

அவள் திரையை அணைத்தாள். "டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவார்."

"நீ சொல்லமாட்ட, தெரியும். அதான் நானே பாத்துட்டேனே." அவன் கண் கலங்கிவிட்டது. "உள்ள படுத்துக்கிட்டு உன் குரலத்தான்க்கா கேட்டுட்டே இருந்தேன். மாறவே இல்ல. ஒண்ணுமில்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த முகம் அணைந்துவிடும். சொல்லவேண்டியவர் நாளைக்குச் சொல்லட்டும். இன்று ஒரு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்று நினைத்தாள். அதைவிட, சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி உன் வீட்டை முடிச்சிடறேன்" என்றான் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நகக்கண்ணில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டினான். "நீ ஜெயிச்ச, போ. பச்சையும் வேணாம், மஞ்சளும் வேணாம். எல்லாச் சுவருக்கும் வெள்ளையே அடிச்சிடறேன்."

"வெள்ளை வேணாம்டா."

சொன்ன பிறகுதான் அது மைக்கில் பேசுகிற குரல் இல்லை என்பது அவள் காதுக்கே கேட்டது.

அவன் சிரித்தான். "என்னக்கா, இத்தனை வருஷமா என் உயிர வாங்கிட்டு…"

சிரிப்பு பாதியில் நின்றது. அவளைப் பார்த்தான். அவள் மேஜை மேலிருந்த துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினான். அது அணைந்து கருப்பாக இருந்தது. நுழைக்காத சட்டைக் கை ஒரு பக்கம் தொங்க, அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.