கிடாய்க்குப் போட்ட பவுடர்

மேச்சேரிச் சின்னாயி வளர்த்த கிடாய் மறுநாள் விடிந்தால் நாமகிரிப்பேட்டைப் பண்ணைக்குப் போகிறது. அது போவதற்குள் அதோடு நின்று நல்லதாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள்? சேலத்தில் தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் சரிதாவிடம். சரிதாவுக்குப் பல்லைவிட, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஸ்லைடு பிலிமில் படமெடுப்பதில்தான் பைத்தியம்.

ஊரே போனில் படமெடுத்துத் தள்ளும் காலத்தில் இது வேண்டாத வேலைதான். அந்தப் பிலிமுக்குத் தயவு தாட்சணியம் கிடையாது. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் வெளுத்துப்போகும், குறைந்தால் கறுத்துப்போகும். பிறகு தலைகீழாக நின்றாலும் திருத்த முடியாது. போன மாதம் சின்னாயியையும் கிடாயையும் எடுத்தபோது சரிதா சுண்ணாம்பு அடித்த சுவரில் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காட்டி அளந்தாள். வெள்ளையைக் கண்ட மீட்டர் வெயில் ஏகத்துக்கும் இருப்பதாக நம்பி ஏமாந்தது. கழுவி வந்த படத்தில் ஆளும் ஆடும் ஒரே இருட்டு.

"என்னையக் கரிச்சட்டி ஆக்கிப்போட்டீங்களே அம்மிணி" என்று சின்னாயி சிரித்தாள். சரிதாவுக்கு மானம் போயிற்று.

இன்று ரோலில் மிச்சம் ஒரே ஒரு படம். இந்த முறை கிடாயின் இளம்பழுப்பு உடம்பையே அளந்தாள். மீட்டர் ஏமாறாத நிறம் அது. கணக்குச் சரியாக வந்தது. சேலை மாற்றிக்கொண்டு வருவதாகச் சின்னாயி கிடாயையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இருவரும் திரும்பி வந்ததும் சரிதா எதற்கும் கிடாயை இன்னொரு முறை அளந்தாள். வெயில் அதேதான், மீட்டர் மட்டும் வெளிச்சம் இரண்டு மடங்கு என்று காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டதா? கிட்டப் போய்க் கிடாயைத் தடவினாள். உள்ளங்கை வெள்ளையாக, கமகமவென்று வந்தது.

"ஏனுங்கக்கா, இதுக்குமா?"

"போட்டோவுக்கு நிக்கிறதுன்னா அதுக்கும் பவுடர் வேண்டாமுங்களா?"

ஒரு டப்பா காலி. கிடாய் தும்மியது. சரிதா சிரித்த சிரிப்பில் கேமரா குலுங்கியது. ஆனால் அதற்குள் மெல்லிய மேகம் ஒன்று சூரியனை மூடிவிட்டது. பழைய கணக்கு இனிச் செல்லாது. ஓரிடமாவது துடைத்துவிடச் சொன்னாள். சின்னாயி முந்தானையால் கிடாயின் விலாவில் உள்ளங்கையளவு துடைத்தாள். சரிதா அங்கே அளந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

ஸ்லைடு வந்தபோது கிடாய் போய்ப் பத்து நாளாகியிருந்தது. சின்னாயி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தன் மூஞ்சியும் வெளுப்பு, அதன் மூஞ்சியும் வெளுப்பு என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இந்த எடம் மட்டும் அதும்பட நெறமே வந்திருக்குதுங்க. என்ற கை பட்ட எடம். ஒவ்வொரு மசுரும் தெரியுது."

கை வலிக்கும் என்று சரிதா சொல்லிப் பார்த்தாள். சின்னாயி ஸ்லைடைக் கீழே இறக்கவில்லை.