கண்ணாடி வைத்த இடமெல்லாம்

பட்டுச் சேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆரணியில் ஒரு ஜவுளி முதலாளியிடம் பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறேன். நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை ஜன்னலுக்கு எதிரே கம்பியில் போட்டு இழுத்து, முதலில் இரண்டு கண்ணாலும் பார்ப்பேன். எங்காவது சந்தேகம் வந்தால், இழை எண்ணும் சின்னக் கண்ணாடியை அந்த இடத்தில் வைத்து, இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பார்ப்பேன். தீப்பெட்டி அளவுதான் அது. அதற்குள் இழைகள் கயிறு கயிறாகத் தெரியும். குறை உறுதியானால் அதற்கு நேராகக் கரையில் ஒரு வெள்ளை நூலை முடிந்துவிடுவேன். முடிச்சு விழுந்த சேலை நெய்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

2009 ஆடித் தள்ளுபடியில் டிவி வாங்கப் போனபோதும் இந்தக் கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டில் பழைய டிவியின் படக்குழாய் போய் நான்கு மாதமாகியிருந்தது. என் மனைவி ஹேமலதா பகலெல்லாம் தனியாக உட்கார்ந்து ஊடை நூல் சுற்றுகிறவள். பேச்சுத் துணைக்காவது ஒன்று ஓடட்டும் என்றாள். அருள்தாஸ் கடையில் முப்பத்திரண்டு அங்குல எல்சிடி ஒன்றைப் பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே சொன்னார்கள். கடையில் காட்சிக்கு வைத்து ஓட்டிய டிவி என்பதால் அந்த விலை.

"நாலு மாசம்தாண்ணா ஓடிச்சி. புதுசுதான்" என்றான் அருள்தாஸ்.

"கேபிளப் புடுங்கு. வெறும் நீலம் மட்டும் வரட்டும்" என்றேன்.

பூ போட்ட சேலையில் குறை ஒளிந்துகொள்ளும். வெற்றுச் சேலையில் ஒளிய இடமில்லை. திரைக்கும் அதுதான் நியாயம். கண்ணாடியைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சைக் கட்டங்கள் இருண்டிருக்க, நீலக் கட்டங்கள் மட்டும் தறி அச்சில் கோத்த பாவு நூல் போல வரிசையாக நின்றன; நடுவில் லேசாகக் கலங்கியதைக் கண்ணாடித் தூசி என்று விட்டுவிட்டேன். எல்சிடியின் சூட்சுமமே இதுதான். பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் லட்சக்கணக்கில் குட்டிக் கதவுகள். எந்தக் கதவு எவ்வளவு திறக்கிறது என்பதுதான் படம். பூ வேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் அட்டையின் ஓட்டையைப் பார்த்து எந்த இழை எழும்ப வேண்டும் என்று முடிவாவதைப் போலத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட வந்திருந்த ஹேமலதாவைக் கூப்பிட்டு விளக்கத் தொடங்கினேன்.

"வாங்கப் போறீங்களா, பிரிச்சி மேயப் போறீங்களா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தேன். இடக்கண் இன்னும் மூடியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது. நீலத் திரையின் நடுவில், ஐந்து ரூபாய்க் காசு அளவில், சாயம் வெளுத்தது போல ஒரு திட்டு.

"அருள்தாசு, நடுவுல மங்கலா கீது பாரு."

அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலண்ணா."

"உனக்குத் தெரிஞ்சா நீ ஏன் டிவி வித்துக்கினு கீற?"

இந்தப் பரசுராமன் குறை என்று சொன்னால் குறைதான் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். "உன் கண்ணுகிட்ட யாரு தகராறு பண்றது? ரெண்டாயிரம் கொறச்சிக்கோ" என்றான்.

"எனக்கும் தெரியலியே. எங்க கீது?" என்றாள் ஹேமலதா.

விரல் வைத்துக் காட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நீலம் வேண்டுமே என்று மேல் மூலையைப் பார்த்தேன். திட்டு அங்கே இருந்தது. டிவியின் சட்டத்தைப் பார்த்தேன். அங்கும் இருந்தது. திரும்பி ஹேமலதாவைப் பார்த்தேன். அவள் மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ கலங்கியிருந்தது. இடக்கண்ணைத் திறந்தேன். மூக்குத்தி மின்னியது.

கடையின் ஷட்டர் கம்பிகளை வலக்கண்ணால் மட்டும் பார்த்தேன். நேர்க்கோடுகள் நடுவில் மட்டும் உள்வாங்கி வளைந்திருந்தன.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றில் விட்டுப்போனதை மற்றொன்றிலிருந்து எடுத்து மூளை ஒட்டுப் போட்டுவிடுகிறது. அதனால்தான் தெருவிலோ வீட்டிலோ எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது ஒரே ஒரு நேரத்தில்தான். சேலைமேல் கண்ணாடி வைக்கும்போது. அதையும் சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும்தான் வைப்பேன். வைத்த இடமெல்லாம் நிறம் மங்கியிருந்தது, இழை தளர்ந்திருந்தது. என் சந்தேகம் ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை. பங்குனியிலிருந்து இப்படித்தான் முடிச்சுக்குமேல் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தேன்.

திலகவதியின் சேலைகளில் மூன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைத்தறியில் அவள் நெசவு போல ஊரில் இல்லை. மூன்றாவது சேலைக்கு அவள், "சாமி சத்தியமா இதுல ஒண்ணும் இல்லண்ணா" என்று அழாத குறையாகச் சொன்னாள். "மொதல்ல உன் கண்ண டாக்டர்கிட்ட காட்டு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான்தான்.

"இன்னாண்ணா யோசன? இன்னும் ஐநூறு போச்சின்னு வெச்சிக்கோ" என்றான் அருள்தாஸ்.

"வேணாம்பா."

"சரி, ஆயிரம். வேலூர்ல போயி கேட்டுப் பாரு, இந்த ரேட்டுக்கு ரிமோட்டுதான் குடுப்பான்."

நான் பேசாமல் நிற்க நிற்க விலை இறங்கிக்கொண்டே வந்தது. ஹேமலதா என் முழங்கையைக் கிள்ளினாள். "எடுத்துக்கலாங்க. ரொம்ப பேஜார் பண்ணாதீங்க."

பேசாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் குறை டிவியின் பேரிலேயே போயிருக்கும். வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். கண் சரியில்லாதவனுக்கு ஜன்னலோரத்தில் என்ன வேலை? நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அருள்தாஸ் பில் புத்தகத்தை எடுத்துவிட்டான்.

"டிவி நல்லாத்தான் கீது, அருள்தாசு. குறை என் கண்ணுல."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பில் புத்தகத்தை மெதுவாக மூடினான்.

வெளியே வந்ததும் ஹேமலதா தன் விரலை என் முன்னால் நீட்டி, இடக்கண்ணைப் பொத்தச் சொன்னாள். விரலுக்கு நுனி இல்லை என்றேன். அவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"டிவிக்கு வெச்ச பணம் அப்பிடியே கீது. காலையில வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

"காலையில போலாம். இப்ப திலகவதி வூட்டுக்கு."

"மொதலாளிகிட்ட?"

"அப்புறம் அதுதான்."

திலகவதி தறியில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "இன்னாண்ணா, முடிச்சி போட வூட்டுக்கே வந்துட்டியா? வா அக்கா, உக்காரு."

"அந்த மூணாவது சேலய எடு" என்றேன்.

கொண்டுவந்தாள். வாசல் வெளிச்சத்தில் விரித்து, முடிச்சு இருந்த இடத்தில் கண்ணாடியை வைத்து, இந்தமுறை வலக்கண்ணை மூடினேன். அரக்கு நிறம் ஒரே சீராக இருந்தது. ஓர் இழைகூடப் பிசகவில்லை. நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். இறுக்கித்தான் போட்டிருந்தேன். ஹேமலதா பல்லால் கடித்து எடுத்தாள்.

திலகவதி ஒன்றும் புரியாமல் நின்றாள். அவள் முகத்தில் ஏதோ புதிதாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். மூக்குக்கண்ணாடி. காதோரம் சிவந்து தடித்திருந்தது.

"நீ சொன்னியேன்னு போயி வாங்கினேண்ணா" என்றாள். "கண்ணு நல்லாத்தான் கீதுன்னு கண்ணாடி கடைக்காரரு சொன்னாரு. நான்தான் கேக்கல. பரசுராமண்ணன் பொய் சொல்லாதுன்னுட்டு, புடிவாதமா லேசா ஒண்ணு குடுக்கச் சொல்லி போட்டுக்கினேன். போட்டா தறியே மெதக்கிற மாரி கீது. தலையும் வலிக்கிது. பழகிடும், இல்ல?"

"கழட்டு, திலகவதி."

"ஏண்ணா?"

"மொதல்ல கழட்டு. சொல்றேன்."

கழற்றினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.