பழைய கிரிஜா

என் கணவர் குருபிரசாத் அதிகம் பேசமாட்டார். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். வாயைத் திறந்தால் பெங்காலிதான் முதலில் வரும். நான் கல்யாணமாகி மதுரையிலிருந்து லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். வாசலுக்கு வரும் மீன்காரரை வேண்டாமென்று அனுப்புகிற அளவுக்குத்தான் எனக்குப் பெங்காலி தெரியும்.

ஒருநாள் பால்கனியில் நின்று யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பெங்காலிதான். நடுநடுவே "கிரிஜா, கிரிஜா" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சிரிப்பு வேறு. என்னிடம் பேசும்போது அந்தச் சிரிப்பு எங்கே போய்த் தொலையுமோ!

உள்ளே வந்தவர், "பத்மஜா, பூஜா லீவுக்கு கலிம்போங் பக்கம் போலாமா? அங்க ஒரு மலை கிராமத்துல பழைய கிரிஜா இருக்கு. மறுபடி பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

கட்டின பெண்டாட்டியிடமே இதைச் சொல்ல என்ன நெஞ்சழுத்தம்! "போலாமே" என்றேன். அவள் யாரென்று பார்த்துவிட்டு அப்படியே மதுரைக்கு ரயிலேறிவிடுவதென்று முடிவு செய்தேன். இருந்த துணியெல்லாம் பெட்டிக்குள் போனது. இவ்வளவு எதற்கு என்று கேட்டார். குளிருமே என்றேன்.

அந்தக் கிராமத்தில் ஜீப்பை விட்டு இறங்கும்போது ஸ்வெட்டருக்குள் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். எவளோ ஒருத்திக்கு நான் சளைத்தவளா?

"அதோ, கிரிஜா!" என்று கையை நீட்டினார்.

கல் சுவர், தகரக் கூரை, மேலே ஒரு சிலுவை. பெண்பிள்ளை யாரையும் காணோம்.

"எங்க?"

"இதான். இன்னொண்ணு மேட்டுல இருக்கு, இதைவிடப் பழசு."

பெங்காலியில் கிர்ஜா என்றால் சர்ச்சாம்! சர்ச் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ரயிலேற இருந்ததைக்கூட.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ பேரு மௌமிதா" என்றார். "காலேஜ்ல கூடப் படிச்சா. இந்த ரெண்டு சர்ச்சையும் அவதான் எனக்குக் காட்டினா. எங்கப்பா ஒத்துக்கல. அவளுக்கும் எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சு. உன்னை இங்க கூட்டிட்டு வந்து சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வயிறு எரிந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இந்த மனிதர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"அந்த இன்னொரு சர்ச்சுக்கு நடங்க" என்றேன். "மிச்சத்தையும் போற வழியில சொல்லுங்க."