அரைநாள் பூ

1

“ஐயோ! சீக்கிரம் வாங்களேன்!”

பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து வந்த இந்த அலறலில்தான் கதை பிறந்தது. என் மேசைக்கும் அந்தக் குளியலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். துப்பறியும் வாரத் தொடருக்காக நான் ஒரு பிணத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம். பேனாவை மூடாமலே ஓடினேன்.

பிணம் இல்லை. பூ இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “அவள் தலைக்கு மேலே அந்தப் பச்சைப் பாம்பு மெல்ல—” [அடித்துவிட்டேன். வெனிலாக் கொடி பாம்பு போலத்தான் இருக்கும். ஆனால் என் வாசகர்கள் அடுத்த வரியில் கடியை எதிர்பார்ப்பார்கள்.]

இரண்டாவது: “வெனிலா என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச்—” [பாடப்புத்தகம்.]

மூன்றாவது: பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக் நாலு வருடமாகக் கழுத்தைச் சாய்த்தபடிதான் குளிக்கிறார்.

இது நிற்கும். ஜன்னலில் வெளிச்சம், குழாயில் ஈரம், இதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி கொடியைக் குளியலறையில் ஏற்றிவிட்டிருந்தாள். அது துண்டுக் கம்பியைப் பிடித்தது, ஷவரைப் பிடித்தது, கடைசியில் அவர் நிற்கும் இடத்தையும் பிடித்தது. அவர் அதற்கு வைத்த பெயர் மச்சினி. “உன் தங்கச்சி குளிச்சாச்சா? நான் போகலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

மனைவி பல்செட் செய்கிறவள். வீட்டிலேயே அதற்கொரு மேசை. ரோஸ் நிற மெழுகில் ஈறு செதுக்கிப் பல்லைப் பதித்தால், யாருடைய வாய் என்று அடையாளம் சொல்லிவிடலாம். போன மாதம் கொடிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். [நுணுக்கமான வேலை இனி அந்தக் கைக்கு வருமா என்று கேட்டதற்கு டாக்டர் “பார்க்கலாம்” என்றாராம். அந்த ஒற்றைச் சொல்லோடுதான் அவள் வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தாள்.]

3

கொத்தில் மற்ற மொட்டெல்லாம் பழுத்து உதிர்ந்துபோய், மிஞ்சியது ஒன்று. அது காலையில் விரிந்திருந்தது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே, பெயர் வைக்காத ஒரு நிறம். ‘பேச்சற்று நின்றான்’ என்று எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்றுதான் நானே நின்றேன்.

மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் யாராவது கையால் மகரந்தம் சேர்த்தால் காய் பிடிக்கும். இல்லையென்றால் உதிர்ந்துவிடும். அதற்கான பூச்சி இந்தப் பக்கம் கிடையாது.

“நீங்கதான் பண்ணணும்” என்றாள் அவள், கணவரிடம்.

“நானா? இது மோட்டார் கழட்டற கைடீ.”

“பல்குச்சியை எடுங்க. உள்ள சின்னதா ஒரு மடிப்பு இருக்கும், அதை மேல தள்ளுங்க. மெல்ல! லிஃப்ட் கதவில்ல அது.”

“மச்சினி, கோச்சுக்காதே.”

“வாயை மூடுங்க, மூச்சு படுது.”

அவள் இடது கையால் இதழைப் பிரித்துப் பிடிக்க, நான் டார்ச் அடித்தேன். மாடி மாடியாக ஜனங்களைத் தூக்கி இறக்கும் இரும்புக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஒரு பல்குச்சியின் முனையில் வியர்த்தார். மடிப்பு விலகியது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மஞ்சள் துளி. கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். உலகத்தில் அப்போது வேறெதுவும் நடக்கவில்லை.

“அவ்வளவுதானா?”

“ரெண்டு நாள் உதிராம நின்னா காய்” என்றாள். பிறகு, யாருக்கும் சொல்லாத மாதிரி: “இதாவது பிடிக்கட்டும்.”

4

கதையை இங்கே முடித்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் என் கதவைத் தட்டிக் கெடுத்தார்.

“விழுந்துடுச்சு சார். காலையில பல் தேய்க்கப் போனா, வாளியில மிதக்குது.”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“எப்படி சார் சொல்வேன்? பூவோட போச்சுன்னா பரவாயில்ல. தன் கையும் இப்படித்தான்னு உட்கார்ந்துடுவா.” குரலைத் தாழ்த்தினார். “ஒட்டிட்டேன்.”

“எதை?”

“பூவைத்தான். அவ மேசையிலேர்ந்து கொஞ்சம் மெழுகு எடுத்து உருக்கிக் காம்புல வச்சேன். அவ போய்ப் பார்த்துட்டு சிரிச்சா சார்! கட்டு போட்டதுலேர்ந்து இப்பத்தான் சிரிக்கறா. இதை எழுதிடாதீங்க.”

[எழுதிவிட்டேன்.]

5

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. அவரே ஒப்புக்கொள்கிறார். அவள் அழுகி— [அழுகிறாள். பூவை நினைத்தபடி எழுதினால் இப்படித்தான் ஆகும். அடித்துவிட்டேன்.]

ஆ. ஒட்டிய பூவில் காய் பிடிக்கிறது. [ஆசைதான். எந்தச் செடியும் சம்மதிக்காது.]

இ. கட்டுப் பிரிக்கும் நாள் வரை பூ அப்படியே தொங்குகிறது. அவர் தினமும் மெழுகைப் புதுப்பிக்கிறார். கழுத்தைச் சாய்த்துக் குளிக்கிறார்.

எனக்கு எதிலும் முழுத் திருப்தி இல்லை. பூவைப் பார்த்ததை எழுத முடிந்தது. அதைத் தாங்கிப் பிடித்த மெழுகை எழுத எனக்குக் கை போதவில்லை. பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிப் பேனாவை மூடப்போனேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. அவள் குரல் கேட்டது:

“ஏங்க, அடுத்த பூவை ஒட்டும்போது பச்சை மெழுகை எடுங்க, மேல் தட்டுல இருக்கு. ரோஸ் கலர்ல காம்பை யாராவது பார்த்திருக்காங்களா?”